அணைக்கக் கூடாத கம்ப்யூட்டர்

பிள்ளைகளா, போன ஆயுத பூஜையன்று நீங்கள் கேட்ட கேள்விக்கு அப்போது நான் பதில் சொல்லவில்லை. வாய் நிறையச் சுண்டல் இருந்தது.

"அப்பா, கற்பூரம் காட்டும்போது எல்லாரும் சாமியைப் பாத்துக் கும்புடறாங்க. தாத்தா மட்டும் எதுக்கு சுவிட்ச் போர்டு கிட்டப் போய், அதைக் கையால மூடிக்கினு நிக்கறாரு?" என்று பெரியவள் கேட்டாள். "தாத்தாவுக்கு ஷாக் அடிச்சாப் புடிக்கும்" என்றான் சின்னவன். அப்படியில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வாயால் சொன்னால் நடுவில் தாத்தா புகுந்து தன் பக்கத்தைப் பெரிதாக்கிவிடுவார். அதனால் எழுதியே வைக்கிறேன். நான் பன்னிரண்டாவதோடு நின்றவன். தப்பு இருந்தால் உங்கள் டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டாதீர்கள்.

இன்னொன்று. நம் வீட்டு லேப்டாப்பைக் 'கிழவன்' என்று கூப்பிடுகிறீர்கள். மற்ற வீட்டில் இருப்பது மாதிரி இதில் இல்லையே என்று அழுகிறீர்கள். இதில் நான் போட்டிருப்பது லேசான லினக்ஸ். பழைய மிஷினுக்குப் புது சிஸ்டம் பாரம் தாங்காது, இது தாங்கும். இந்தச் சங்கதியை நான் எங்கே படித்தேன் என்பதும் இந்தக் கதையிலேயே வந்துவிடும்.

அப்போது எனக்குச் சின்னவனைவிடக் கொஞ்சம் பெரிய வயது. திண்டிவனத்தில், வேர்க்கடலையை ஏலம் விடுகிற மல்லாட்டை கமிட்டிக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. கமிட்டிக்கு மூட்டை வரும் மாதங்களில் தெரு முழுக்க மல்லாட்டைத் தூசி பறக்கும். சோற்றில்கூட அந்த மண் வாசனை இருக்கும். என் அப்பா, அதாவது உங்கள் தாத்தா, அங்கே மூட்டை தூக்கினார். எதைப் பார்த்தாலும் முதலில் அதன் எடையைச் சொல்வது அப்பாவின் பழக்கம். கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்த்து, "அறுபது இருப்பான்" என்று அம்மாவின் காதில் சொல்வார். நான் பிறந்து, நர்ஸ் என்னை அவர் கையில் கொடுத்தபோது, தராசில் போடும் முன்னால் என் எடையைச் சரியாகச் சொல்லிவிட்டாராம்.

அப்பாவுக்கு ஒரே தங்கை, என் அத்தை. அவளுக்கும் அப்பா அம்மா என்றால் என் அப்பாதான். பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் பாஸ் செய்துவிட்டு வீட்டில் இருந்தாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருந்த பாயிடம் வேலைக்குச் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. கோட்டக்குப்பத்துக்காரர். "டைப்ரைட்டிங் தெரிஞ்சா பத்தாதும்மா, கம்ப்யூட்டர்ல கை ஓடணும். பழகிக்கினு வா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கம்ப்யூட்டருக்கு எங்கே போவது? அங்கேதான் விழுப்புரத்திலிருந்து என் மாமா வந்து சேர்ந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. விழுப்புரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை. அங்கே என்ன வேலை என்று யாரும் சரியாகக் கேட்டதில்லை. கேட்டால் அவர் பதில் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஒரு கையில் பெட்டி, தோளில் ஒயர், கால்களுக்கு நடுவில் வேட்டியில் சுற்றிய டிவி மாதிரி ஒன்று. எங்கேயோ ஓர் ஆபீஸில் புதிது வாங்கி, பழையது என்று வெளியே போட்டதாம்.

"கண்டக்டர்கூட பேஜாரா பூட்சிக்கா" என்று அம்மாவிடம் மூச்சு வாங்கினார். "டிவியான்னான். இல்ல, கம்ப்யூட்டர்னேன். படம் ஓடுமான்னான். இப்போதைக்கு எதுவும் ஓடாதுன்னேன். அப்ப லக்கேஜ் போடுன்னுட்டான். விக்கிரவாண்டி வரைக்கும் சண்டை."

"ஓடாததை எதுக்குடா தூக்கினு வந்த?" என்றாள் அம்மா.

"ஓட வெப்பேன்க்கா. அதுக்குத்தானே லேசான லினக்ஸ் எடுத்தாந்திருக்கேன்."

அப்பா எழுந்து வந்தார். பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். "லேசுன்றான். பதினோரு கிலோ இருக்குது."

"பொட்டி இல்ல மாமா, உள்ளார ஓடறது லேசு."

"உள்ளார இருக்கறதையும் சேர்த்துத்தானே தூக்கினேன்?"

மாமா அத்தையையும் என்னையும் உட்கார வைத்து விளக்கினார். இந்தப் பெட்டிக்கு மூளை நல்லா இருக்குது, ஆனால் எதையும் எழுதி வைத்துக்கொள்கிற ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சு. அதனால் சிஸ்டம் முழுவதும் இந்த சிடியில் இருக்கிறது. ஆன் பண்ணும்போது சிடியைப் போட்டால், பெட்டி அதை மொத்தமாகப் படித்துத் தன் நினைவில் ஏற்றிக்கொள்ளும். ஏற்றிய பிறகு சிடியை வெளியே எடுத்துவிடலாம், வேலை நிற்காது. ஆனால் ஒரு தடவை அணைத்தால் எல்லாம் மறந்துவிடும். திரும்பவும் சிடி வேண்டும். "அப்ப அடிச்சதெல்லாம்?" என்று அத்தை கேட்டாள். அதற்குச் சுண்டுவிரல் அளவில் ஒரு பென் டிரைவ் கொடுத்தார். அடித்ததை எல்லாம் அதில் சேவ் பண்ண வேண்டும்.

கூடவே ஒரு பழைய யுபிஎஸ். கரண்ட் போனால் இரண்டு நிமிஷம் தாங்கும். அந்த இரண்டு நிமிஷமும் தொண்டை கிழியக் கத்தும்.

சிடியைப் போட்டதும் 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. ரைஸ் மில் பெல்ட் மாதிரி. பிறகு கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடி, சட்டென்று நீலமாக விடிந்தது. ஓரத்தில் நாலைந்து சின்னப் படங்கள். அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் காலேஜ் படித்த அண்ணன் எட்டிப் பார்த்து, "கேம்ஸ் ஒண்ணும் இல்லையா?" என்று போய்விட்டார். எனக்கு அந்தத் திரைக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் ரோமம் எழுந்து நிற்பதே பெரிய கேம்ஸாக இருந்தது. தூசி சூடாகிற வாசனை வரும். அம்மா மேல்மலையனூர் அமாவாசைக்குப் போய்க் கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தை மானிட்டர் தலையில் வைத்தாள். சூட்டில் அது ஒரு வாரத்தில் வதங்கி மிளகு மாதிரி ஆனது.

கீபோர்டில் தமிழ் எழுத்து இல்லை. அத்தை காகிதத்தைக் குட்டிக் குட்டியாக வெட்டி எழுதி, சோற்றுப் பசை வைத்து ஒட்டினாள். மறுநாள் எறும்பு வந்தது. 'க' அடித்தால் இரண்டு எறும்பு வெளியே ஓடும். ஒரு மாதம் அந்த எறும்புகளோடுதான் அத்தை தமிழ் பழகினாள்.

இப்படிப் பழகிக்கொண்டிருந்தபோது செஞ்சியிலிருந்து ஒரு வரன் வந்தது. சொந்தமாக டிராக்டர். அப்பாவுக்குப் பிடித்துவிட்டது.

"நல்ல ஆளு. எண்பது கிலோ இருப்பான்."

"எனக்கு வேலைக்குப் போணும்ண்ணா."

"எந்த வேலை? ஒரு மாசமா எறும்பு அடிச்சிக்கினு கெடக்கற. அந்தப் பொட்டி இன்னிக்கோ நாளைக்கோ நிக்கப் போவுது."

"நிக்காது."

"சரி. விஜயதசமிக்குள்ள அந்தப் பொட்டியில எதனா உருப்படியா பண்ணி, பாய் கிட்ட வேலை வாங்கிக் காட்டு. நான் வாயத் தொறக்க மாட்டேன். பொட்டி நின்னுதுன்னா ஐப்பசியில தட்டு மாத்திடுவேன்."

"நின்னா நானே கழுத்தை நீட்டறேன்" என்றாள் அத்தை.

அம்மா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு இருவரையும் பார்த்தாள். மானிட்டர் மேல் இருந்த எலுமிச்சம்பழத்தையும் ஒருமுறை பார்த்தாள்.

அத்தை மறுநாளே பாய் கடைக்குப் போனாள். பாய் அவள் கையில் ஒரு காதணி விழா அழைப்பிதழைக் கொடுத்தார். கையால் எழுதியது. "இதை அடிச்சி பென் டிரைவ்ல எடுத்துக்கினு வா. விஜயதசமி காலையில வந்துடு. சரியா இருந்தா அன்னிக்கே சீட்டுல உக்காரு. நல்ல நாளு. ஒண்ணு மட்டும் பாத்துக்கோ, தாய்மாமனுங்க பேரு எல்லாம் ஒரே உசரத்துல வரணும். ஒருத்தன் பேரு சின்னதாப் போச்சோ, என் கடை முன்னாடி மண்டை உடையும். ஒருத்தன் பேரு உட்டுப் போச்சோ, உடையறது என் மண்டை."

தாய்மாமன்கள் பன்னிரண்டு பேர். சொந்த மாமன், பெரியம்மா வழி மாமன், சின்னப் பாட்டி வழி மாமன், அப்புறம் எந்த வழி என்றே தெரியாத மூன்று மாமன்கள். அத்தை தினமும் இரண்டு மூன்று மாமன்களாக அடித்தாள். அடிக்கிற ஒவ்வொரு மாமனையும் பென் டிரைவில் சேவ் பண்ணினாள். கரண்ட் அப்போது முறை வைத்துப் போகும். போவதற்குள் ஒரு மாமனையாவது முடிக்க வேண்டும் என்று பறப்பாள். யுபிஎஸ் கத்தும்போது, "இரு, இரு, மாமனுக்குப் பட்டம் போட்டுட்டு வர்றேன்" என்று அதனிடம் பேசுவாள்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு லீவு நாள், மில் எல்லாம் மூடியிருக்கும், அதனால் கரண்ட் போகாது. அத்தை மத்தியானம் பதினோராவது மாமனை முடித்து சேவ் பண்ணினாள். பென் டிரைவைக் கழற்றி, உறையில் இருந்த சிடியின் மேல் வைத்தாள். மிச்சம் ஒரே ஒரு மாமன். அதற்குள் அம்மா, பூசணிக்காயும் பொரியும் வாங்கி வரச் சொல்லி அவளைக் கடைக்கு அனுப்பினாள். வந்து அடித்துக்கொள்ளலாம் என்று பெட்டியை அணைக்காமல் அத்தை போனாள். நானும் கூடப் போனேன். பொரியை வழியிலேயே தின்னலாம் என்று.

நாங்கள் திரும்புவதற்குள் அம்மா பூஜையை அடுக்கி முடித்திருந்தாள். அப்பாவின் மூட்டைக் கொக்கி, அம்மாவின் அரிவாள்மனை, அறுவடைக்குப் போகும் கருக்கரிவாள், என் புத்தகம், காம்பஸ் பாக்ஸ், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மானிட்டருக்குச் சாமந்தி மாலை. மாலைக்குள் பதினோரு மாமன்களும் ஒளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். சிடியும் பென் டிரைவும் தாம்பாளத்தில் பூவுக்கு அடியில் இருந்ததால் அவற்றுக்கு என்ன ஆனது என்று யாரும் பார்க்கவில்லை.

"அண்ணா, ஒரே ஒரு மாமன் பாக்கி. அடிச்சிட்டு அணைச்சிடறேன்" என்றாள் அத்தை.

"பூஜையில வெச்சாச்சு. காலையில எடுக்கற வரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது. என் கொக்கியை நான் தொடுவேனா?"

"அப்ப அணைக்கவாவது அணைக்கறேன்."

"அணைக்கறதா? பூஜையில வெச்ச விளக்கை அணைப்பியா நீ?"

பெட்டி மாலையோடு விடிய விடிய உறுமிக்கொண்டிருந்தது. அந்த நீல வெளிச்சத்தில் அம்மாவின் அரிவாள்மனை பார்க்கப் பயமாக இருந்தது.

மறுநாள் விஜயதசமி. காலையிலேயே அத்தை குளித்து, புதுப் புடவை கட்டி, சாமிக்கு விளக்கேற்றி, முதல் வேலையாகப் பன்னிரண்டாவது மாமனை அடித்தாள். எறும்பு ஒன்று வெளியே வந்து போனது. பிறகு சேவ் பண்ணத் தாம்பாளத்துப் பூவை விலக்கினாள்.

"அண்ணி!"

அந்தச் சத்தத்தில் அப்பா டம்ளரைக் கவிழ்த்துவிட்டார்.

சிடியின் மின்னுகிற பக்கத்தில், நடு ஓட்டைக்கு மேலே, பெரிய சந்தனப் பொட்டு. அதன் மேல் குங்குமம். காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. பென் டிரைவின் மூடியைக் கழற்றி, அந்தத் தகர வாய்க்குள்ளும் சந்தனம் வைத்து அடைத்திருந்தது.

"இன்னா அண்ணி பண்ணியிருக்கீங்க?"

"பொட்டு வெச்சேன்."

"இந்தப் பக்கம் எதுக்கு வெச்சீங்க?"

"பின்ன? அந்தப் பக்கம் என் தம்பி கிறுக்கி வெச்சிருக்கான். அது முதுகு. இந்தப் பக்கம் பாத்தா மொகம் தெரியுது. மொகத்துலதானே பொட்டு வெப்பாங்க?"

"பென் டிரைவ்ல?"

"அதுக்கு மொகம் எதுன்னு தெரியல. வாய் மட்டும்தான் இருந்துது."

அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் அம்மா இந்த உலகத்தில் யாருக்கும் கெடுதல் நினைக்காதவள்; அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்கள் அழுதிருப்பீர்கள். நான் சிரித்துவிட்டேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

அப்பாவின் போனை எடுத்து அத்தை விழுப்புரத்துக்குப் பேசினாள். மாமா கத்தியது போனுக்கு வெளியேயும் கேட்டது. "பொட்டி ஆன்ல இருக்குதா? இருக்குதா? அப்ப யாரும் தொடாதீங்க! அணைச்சீங்க, எல்லாம் போச்சு. அந்த பென் டிரைவைச் சொருகிடாதீங்க! சந்தனத்தோட உள்ள போச்சுன்னா பொட்டியே வெந்துடும். நான் என்னோட பென் டிரைவை எடுத்துக்கினு இப்பவே பஸ் ஏறிடறேன். ஒம்பதரைக்கெல்லாம் அங்க இருப்பேன்."

"ஒம்பது மணிக்கு கரண்ட் போயிடுமே" என்றாள் அத்தை. விஜயதசமிக்கு மில் எல்லாம் திறந்துவிடும்; அந்த வாரம் எங்கள் தெருவுக்கு ஒன்பதிலிருந்து முறை.

மாமா, "யுபிஎஸ் ரெண்டு நிமிஷம் தாங்கும்" என்று மெதுவாகச் சொன்னார். அரை மணி நேரத்துக்கு இரண்டு நிமிஷம்.

முதலிலிருந்து திரும்ப அடிக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எதில் அடிப்பது? கரண்ட் போனால் பெட்டி அணையும். அணைந்தால் சிடி வேண்டும். சிடி பொட்டு வைத்துக்கொண்டு தாம்பாளத்தில் இருக்கிறது; காய்ந்த சந்தனத்தைத் துடைத்தால் கீறிப் போகும் என்று எல்லாருக்கும் பயம். பாய் காலையிலேயே வரச் சொல்லியிருந்தார்.

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா சிந்திய டீயைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். ஜெயித்தவர் அவர்தான். பெட்டி நிற்கப் போகிறது. அதற்கு அவர் ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டியதில்லை. அவர் எழுந்து துண்டைத் தலையில் கட்டினார்.

"எங்க போறீங்க?" என்றாள் அம்மா.

"டீ குடிக்க."

"இப்பத்தானே குடிச்சீங்க?"

"அதான் ஊத்திக்கிச்சே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எங்களுக்கு வெறுத்துப் போனது. அம்மா எலுமிச்சம்பழத்தை எடுத்து மானிட்டரைச் சுற்றினாள். அத்தை, "இன்னும் அதை எதுக்கு அண்ணி சுத்தறீங்க, அதுக்கு வெச்சதே போதும்" என்றாள். சொல்லும்போதே இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீரும் இருந்தது.

அந்த நேரத்தில் தெருவில் ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தேன். அப்பா வந்துகொண்டிருந்தார். முதுகில் ஒரு ஜெனரேட்டர்.

ஆட்டோ ஸ்டாண்டில் முந்தின நாள் ஆயுத பூஜைக்கு மைக்செட் போட்டிருந்தார்கள். அந்த மைக்செட் அண்ணன் காலையில் சாமான்களை ஏற்ற வண்டிக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்பா போய் ஒரு வார்த்தைகூட விளக்கவில்லையாம். "ஒரு மணி நேரம் தம்பி" என்று சொல்லி, மூட்டைக்குக் குனிகிற மாதிரி குனிந்து, முதுகில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாராம். மைக்செட் அண்ணன் பின்னாலேயே ஓடி வந்தார்.

"அண்ணா, சாய்க்காதீங்க! பெட்ரோல் ஆடுது! அண்ணா, அது மல்லாட்டை மூட்டை இல்லண்ணா!"

"வாசல்ல தள்ளுங்க, வாசல்ல தள்ளுங்க!" என்று அப்பா கத்திக்கொண்டே வந்தார். எதைத் தள்ள வேண்டும் என்று எங்களுக்குப் புரியவில்லை. வாசலில் இருந்தது நான் மட்டும்தான். தள்ளிக்கொண்டேன்.

ஜெனரேட்டரை வாசலில் இறக்கி வைத்ததும் சொல்லி வைத்த மாதிரி கரண்ட் போனது. யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. மைக்செட் அண்ணன் கயிற்றை இழுத்தார். 'டுர்' என்று நின்றது. இன்னொரு தடவை இழுத்தார். 'டுர்'. யுபிஎஸ் கத்துகிறது, பக்கத்து வீட்டுக் குழந்தை கத்துகிறது, அம்மா அங்காளம்மனைக் கூப்பிடுகிறாள், அப்பா மைக்செட் அண்ணனைத் திட்டுகிறார். "எண்ணெய் திங்கற மிஷினுக்கு ஒரு இழுப்புல வரத் தெரியாதா? நவுரு!" அப்பா இழுத்தார். அவர் இழுத்த இழுப்பில் அது பயந்துகொண்டு ஓட ஆரம்பித்த மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. அத்தை யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்கி, ஜெனரேட்டரிலிருந்து ஒயரோடு உள்ளே இழுத்துவிட்டிருந்த போர்டில் சொருகினாள். கத்தல் நின்றது.

திரை ஆடியது. ஜெனரேட்டர் உறுமலுக்கு ஏற்ற மாதிரி பன்னிரண்டு தாய்மாமன்களும் இடுப்பை ஆட்டினார்கள். ஆனால் ஒருவரும் விழவில்லை.

அப்போதுதான் அப்பா அந்த வேலையை ஆரம்பித்தார். தெருப் பிள்ளைகள் எல்லாம் உள்ளே வந்து நெரித்துக்கொண்டு நின்றதால், யார் கையும் பட்டுவிடக் கூடாது என்று அந்த ஜெனரேட்டர் போர்டுக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கையாலும் சுவிட்சை மூடிக்கொண்டார். வேர்வை சொட்டச் சொட்ட, கோயில் வாசலில் நிற்கிற துவாரபாலகர் மாதிரி. சட்டை முதுகு முழுக்கக் கறுப்பு எண்ணெய். "பாப்பா, ஓடுதா? ஓடுதா?" என்று அத்தையைக் கேட்டுக்கொண்டே நின்றார்.

மாமா பஸ் இறங்கி ஓடி வந்தார். பூஜைக்கு எடுத்த புதுச் சட்டை, மடிப்புக் கலையாமல்.

"வந்துட்டேன்! யாரும் பயப்படாதீங்க!" என்று பெட்டி முன்னால் உட்கார்ந்தார். சட்டைப் பையில் கை விட்டார். பேண்ட் பையில் விட்டார். பின்பையில் விட்டார். திரும்பவும் சட்டைப் பையில் விட்டார்.

"இன்னாடா?" என்றாள் அம்மா.

"பழைய சட்டையில இருக்குதுக்கா."

ஜெனரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா சுவிட்சை விடாமல் தலையை மட்டும் திருப்பினார். அவர் அப்போது பார்த்த பார்வையை இன்றைக்கும் மாமா தன் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுவார்.

மாமாவுக்கு வேறு வழியில்லை. "அந்த சந்தன பென் டிரைவைக் குடுங்க" என்றார். அம்மா தாலிக்கயிற்றில் இருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். மாமா அந்தத் தகர வாய்க்குள்ளிருந்து சந்தனத்தைக் குத்திக் குத்தி எடுத்தார். ஊதினார். தன் புதுச் சட்டையால் துடைத்தார். கண்ணை மூடிக்கொண்டு சொருகினார்.

வெந்துபோகவில்லை. திரையில் ஒரு சின்னப் படம் வந்தது. அத்தை திறந்து பார்த்தாள். முந்தின நாள் சேவ் பண்ணிய பதினோரு மாமன்களும் ஒரு கீறல் இல்லாமல் உள்ளே இருந்தார்கள். பன்னிரண்டாவது ஆளையும் சேர்த்து சேவ் பண்ணினாள்.

பிறகு அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. சிடியை எடுத்தாள். ஈரத் துணியால் பொட்டைத் துடைத்தாள். பெட்டியை அணைத்தாள். ஆன் பண்ணி சிடியைப் போட்டாள். 'கிர்ர்ர்.' வெள்ளை எழுத்து ஓடியது. நீலமாக விடிந்தது.

"சிடி நல்லாத்தான் இருக்குது" என்றாள் அத்தை.

"பென் டிரைவும் நல்லாத்தான் இருக்குது" என்றார் மாமா.

அப்பா மெதுவாகச் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். ஜெனரேட்டரைப் பார்த்தார். "அப்போ இதை எதுக்கு நான் தூக்கினு வந்தேன்?"

மைக்செட் அண்ணன் தொண்டையைச் செருமினார். "அண்ணா, திரும்ப அங்க எடுத்துக்கினு போணுமே, வண்டி வந்திருக்கும்."

"மச்சான் தூக்குவான்" என்றார் அப்பா. மாமா தூக்கினார். புதுச் சட்டையோடு.

அப்பா எண்ணெய்ச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அத்தையைச் சைக்கிளின் பின்னாலும் என்னை முன்னாலும் உட்கார வைத்து பாய் கடைக்கு மிதித்தார். பாய் பென் டிரைவைக் கையில் வாங்கியதும் மூக்குக்குக் கொண்டுபோனார்.

"இன்னாம்மா இது, எங்க தர்கா சந்தனக்கூடு மாதிரி மணக்குது?"

அத்தை நடந்ததைச் சொன்னாள். பாய் சிரித்த சிரிப்பில் பேனாவெல்லாம் கீழே உருண்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிரிண்ட் எடுத்து, ஸ்கேலை எடுத்து மாமன்களை ஒவ்வொருவராக அளந்தார். எல்லாரும் ஒரே உயரம். எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டு. நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா" என்றார். அத்தை உட்காரவில்லை. முதலில் அப்பாவைப் பார்த்தாள். அப்பா வெளியே சாலையைப் பார்த்துக்கொண்டு, "உக்காரு பாப்பா, பாய் சொல்றாரில்ல" என்றார்.

இன்றைக்கு விழுப்புரத்தில் அவள் வைத்திருக்கும் கடை அந்த நாற்காலியில் ஆரம்பித்ததுதான். அந்தப் பெட்டி இன்னும் இரண்டு வருஷம் ஓடியது. அது போனபோது, அதே லேசான சிஸ்டத்தை வேறொரு பழைய பெட்டியில் போட அத்தையிடம் கற்றுக்கொண்டேன். நம் வீட்டுக் கிழவனுக்குப் போட்டுவிட்டது அந்தப் படிப்புதான். சிடி எங்கே போனது என்று தெரியவில்லை. அதில் கடைசி வரை ஓரத்தில் மஞ்சளாக ஒரு தடம் இருந்தது.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் கருவாட்டுக் குழம்பு. மாமா முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா பரிமாறிக்கொண்டே அப்பாவிடம் கேட்டாள்.

"ஏங்க, பொட்டி நின்னா பாப்பாவைச் செஞ்சிக்குக் குடுத்துடலாம்னு நீங்கதானே சொன்னீங்க? சும்மா குந்தியிருந்தா தன்னால நின்னிருக்கும். அப்புறம் எதுக்கு அதைத் தூக்கினு ஓடியாந்தீங்க?"

"பூஜையில வெச்ச பொருளாச்சே. பாதியில நின்னா ஊட்டுக்கு ஆவாது."

"என் அரிவாள்மனையும்தான் பூஜையில வெச்சேன். அதுக்குப் பிடி ஒடஞ்சு ஆறு மாசம் ஆவுது."

அப்பா தட்டை நீட்டினார். அம்மா குழம்பு ஊற்றினாள். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, அத்தையைப் பார்க்காமல் சோற்றைப் பார்த்துச் சொன்னார்: "பதினோரு மாமனுங்க அந்தச் சுண்டுவிரல்ல பொழைச்சிக்கினாங்க, சரி. கடைசி மாமன் காலையிலதானே அடிச்சது? அவன் பொட்டிக்குள்ளதானே இருந்தான்? அவனை நான்தான் தூக்கியாந்தேன்."

கை பழகிவிட்ட பிறகு, ஒரு மாமனைத் திரும்ப அடிக்க ஒரு நிமிஷம் போதும். அத்தைக்கு அது தெரியும். அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். அத்தை, "ஆமாண்ணா, அவர்தான் நல்ல கனம்" என்றாள்.

"அறுபத்தஞ்சு கிலோ" என்றார் அப்பா.

பிள்ளைகளா, இப்போது தாத்தா நூற்றிருபது என்கிறார். எதிர்த்துப் பேசாதீர்கள். அடுத்த ஆயுத பூஜைக்குக் கற்பூரம் காட்டும்போது அவர் சுவிட்ச் போர்டுக்குப் போனால், சின்னவனே, நீயும் பக்கத்தில் போய் நில். அவருக்கு இப்போது கை நடுங்குகிறது. ஒரு பக்கம் மூடாமல் விட்டுவிடுகிறார்.